தயிர்ச்சோறும் பூனைக்குட்டியும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமையிடம். ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. லட்சுமிசேனர் என்ற பட்டப்பெயரோடு வரும் பட்டாரகர்களை, நயினார்கள் எனப்படும் இந்தச் சமணர்கள் தங்கள் சமயத் தலைவர்களாகக் கொள்கிறார்கள். பார்சுவநாதர் கோயிலும் பாறையில் புடைத்தெழும் பாகுபலியும் பார்க்க வருகிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கொல்லாமையை அடுப்பங்கரை வரை கொண்டுபோய், பல நூற்றாண்டுகளாக அங்கேயே வைத்திருப்பவர்கள் இந்த ஊர்ச் சமண வீட்டுக்காரர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வதுகூட, விளக்கில் விழும் பூச்சி தெரியாமல் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்படிப்பட்ட வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு பூனை ஐந்து குட்டி போட்டுவிட்டால் அவற்றை எங்கே சேர்ப்பது? எந்த ஊரிலும் எழும் கேள்விதான், ஆனால் இங்கே கேட்டால் அதன் முடிச்சு தெளிவாகத் தெரிகிறது. பூனைக்குட்டிக்கு நல்ல வீடு என்றதும் நாம் இரக்கமுள்ள வீட்டைத் தேடுகிறோம். இரக்கத்துக்குக் குறைவில்லாத ஊரிலும் குட்டிகள் சாகின்றன என்றால், நாம் தேடுவது தப்பான சரக்கு.

வழக்கமான தீர்வு சாக்கு. கண் திறந்ததும் திறக்காததுமாகக் குட்டிகளைச் சாக்கில் போட்டு, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமோ, மீன் கடை ஓரமோ, அடுத்த ஊர் ரைஸ் மில் வாசலிலோ விட்டுவிட்டு வருவார்கள். கையால் கொல்லவில்லை என்பதால் மனசும் உறுத்தாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளின் 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் முடிவதற்குள் 127 குட்டிகள் செத்தோ காணாமலோ போயிருந்தன. நாலில் மூன்று. அவை தாயோடு இருந்த குட்டிகள். தாயில்லாமல் சாக்கிலிருந்து கொட்டப்பட்டவை எப்படிப் பிழைக்கும் என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகையாக இருந்திருக்கும். இன்றைக்குச் செஞ்சி பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டாலே ஐம்பதைத் தாண்டிவிடும். சட்டத்தைப் பார்த்துப் பயந்து யாரும் சாக்கைக் கீழே வைக்கப்போவதில்லை. சமண மரபுக்கு வேறு வாதமே தேவையில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில் மாவால் செய்த கோழியைப் பலி கொடுத்ததற்கே அரசனும் தாயும் பிறவி பிறவியாக விலங்குகளாகிப் படாத பாடு படுகிறார்கள். மாக்கோழிக்கே அந்தக் கணக்கு என்றால், சாக்கின் வாயைக் கட்டிய கைக்கு என்ன கணக்கு?

சரி, கைவிடப்போவதில்லை, கொடுக்கத்தான் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எப்போது கொடுப்பது? இதில்தான் நல்ல மனசுக்காரர்களும் அவசரப்படுகிறார்கள். பூனைக்குட்டி பிறக்கும்போது குருடு, செவிடு. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும். நான்காம் வாரம் பாலோடு வேறு தீனியையும் தொடும். ஐந்தாம் வாரத்தில் உருண்டையாக, துறுதுறுவென்று, பார்க்கிறவர் எல்லோரும் கேட்கும் அழகில் இருக்கும். ‘கேக்கும்போதே குடுத்துடணும், வளந்துட்டா எவன் எடுப்பான்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அப்போதுதான். நடப்பை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் குட்டியின் பக்கம் நின்று பார்த்தால் அது தவறு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய ஆறாயிரம் பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்த பூனைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகத் தெரிந்தது. பதினான்கு வாரம் வரை தாயோடு விடுவதே நல்லது என்கிறார்கள் அவர்கள். பதினான்கு வாரம் நம் வீடுகளில் நடக்கிற காரியமில்லை. எட்டு வாரமாவது விட வேண்டும். முடிந்தால் பத்து.

அந்த எட்டு வாரத்தில் வீட்டில் உள்ளவர்கள் சும்மா இருக்கக் கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் குட்டியின் மனம் மனிதக் கைக்குப் பழகும் காலம். அப்போது தினமும் கொஞ்ச நேரம் தூக்கி, தடவி, குழந்தைகளின் சத்தத்துக்கும் மிக்சி ஓசைக்கும் பழக்கிய குட்டியை யார் வீட்டிலும் விடலாம். பரண்மேலேயே வளர்ந்து ஒன்பதாம் வாரம் இறங்கி வந்த குட்டி சீறும், பிராண்டும், கொண்டுபோனவர் மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவருவார். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்று ஊரில் சொல்வார்கள். அது இடம் மாற்றுவது பயத்தால். ஆள் நடமாட்டம் அதிகமில்லாத மூலையில் ஒரு பழைய வேட்டியும் அட்டைப்பெட்டியும் வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூட்டிவந்து காட்டாமல் இருந்தால் அது மாற்றும் வீடுகளின் எண்ணிக்கை குறையும்.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரை வணங்கும் வைணவர்கள் பூனையைத் தத்துவத்துக்குள் கொண்டுபோனவர்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல இறைவன் உயிரைத் தூக்கிக்கொள்வான், குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது தென்கலையாரின் மார்ச்சார நியாயம். அழகான நியாயம்தான். ஆனால் குட்டிகள் வளர்ந்த பிறகு பால் குடிக்க வந்தால் அதே தாய் உறுமி விரட்டுவதையும் ஆசாரியர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அதை உவமையில் சேர்க்கவில்லை.

இனி சிக்கலின் மையத்துக்கு வரலாம். பூனை இறைச்சி தின்றே தீர வேண்டிய பிராணி. நாயைப் போலச் சோற்றிலும் பருப்பிலும் சமாளித்துக்கொள்ளும் உடம்பு அதற்கு இல்லை. டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதிய அளவு உண்டாவதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975-இல் கண்டார்கள். அதே குறைவால் இதயம் வீங்கித் தளர்வதும், டாரின் கொடுத்தால் தேறுவதும் 1987-இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளும் வசதிகூடப் பூனைக்கு இல்லை. பாலோ, குட்டிப் பருவம் போன பிறகு பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. தயிர் கொஞ்சம் தேவலாம், வயிற்றுப்போக்கு வராது, அவ்வளவே. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்கும் வீட்டுப் பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. அது ராத்திரியில் வெளியே போய் எலியும் பல்லியும் அணிலும் தின்றுவிட்டு வருகிறது. நம் வீட்டுச் சைவம் அதன் வேட்டையில் ஓடுகிறது.

குட்டி போட்ட பூனையின் வேட்டை வீட்டுக்கே வரும். நான்கு வாரம் ஆனதும் தாய்ப்பூனை இரையைக் கொண்டுவந்து குட்டிகள்முன் போடும். முதலில் செத்ததை, பிறகு பாதி உயிரோடு இருப்பதை. அதுதான் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம். சமண வீட்டுத் தாழ்வாரத்தில் துடிக்கும் அணில்பிள்ளையை வைத்துப் பாடம் நடந்தால் அந்த வீட்டுப் பாட்டிக்கு எப்படி இருக்கும்? பூனையையும் துரத்த முடியாது, அணிலையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இது அற்பச் சங்கடமில்லை. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றி வளர்ப்பது பல உயிர்களைப் பலி கொடுப்பதாக முடியுமா என்ற கேள்வி மேற்கத்திய ஆய்வாளர்களைவிடச் சமணர்களுக்கு ரொம்பப் பழையது.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் வந்த அருங்கலச்செப்பு இல்லறத்தாருக்கான நூல். அதன் மூலநூல் வீண் பாவங்களை வரிசைப்படுத்தும்போது, கொலைக்குப் பயன்படும் வாள், கோடரி முதலானவற்றைப் பிறருக்குக் கொடுப்பதையும் ஒன்றாகச் சேர்க்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் குஜராத்தில் ஹேமசந்திரர் தமது யோகசாஸ்திரத்தில் இன்னும் நேராகவே பேசுகிறார். இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களில் வருமானத்துக்காகக் கிளி, மைனா, நாய், சேவல், மயில் இவற்றோடு பூனை வளர்ப்பதையும் வைக்கிறார். அவர் சுவேதாம்பரர், மேல்சித்தாமூர் திகம்பரர்களின் ஊர் என்ற வேறுபாடு இருக்கட்டும். அவர் கவலைப்பட்டது பிராணியைக் காசாக்குவதைப் பற்றி. தானாக வந்து குட்டி போட்ட பூனையை அந்த விலக்கில் சேர்க்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வாளைக் கொடுக்காதே என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, பூனையைக் கொடுப்பதும் அதேதான் என்று ஒருவர் வாதாடினால் உடனே மறுத்துவிட முடியாது.

இந்தச் சங்கடத்துக்குச் சமணர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள், தில்லியில். செங்கோட்டைக்கு எதிரே திகம்பரர்களின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்று ஒரு இலவச மருத்துவமனை நடக்கிறது. புறாவும் கிளியும் அங்கே உள்நோயாளிகள். பருந்து, கழுகு போன்ற இறைச்சி தின்னும் பறவைகளுக்கும் மருத்துவம் உண்டு, ஆனால் வெளிநோயாளியாக மட்டும். காயத்துக்குக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். வைத்துக்கொண்டால் இறைச்சி போட வேண்டும், அது அவர்களால் ஆகாது. சிலர் இதை ஓரவஞ்சனை என்பார்கள். என் பார்வையில் அது தன் எல்லையைத் தெரிந்து வைத்திருக்கும் இரக்கம். மேல்சித்தாமூர் வீட்டுக்கும் இதுவே பொருந்தும். அமைதியும் சுத்தமும் பொறுமையும் உள்ள அந்த வீடு குட்டிகளுக்கு அருமையான பிறந்தகம். புகுந்தகம் வேறு தெருவில் இருக்க வேண்டும், மீன் ஆயும் அருவாமனை உள்ள வீட்டில்.

திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்துப் பாறைதான். மனிதன் கொள்கைக்காகச் சோற்றை விடலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறிச் செத்துப்போக நேரும். குட்டிக்கு அந்த அவகாசமும் கிடையாது. புது வீட்டுக்குப் போன குட்டி முதல் நாள் பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொள்வது வழக்கம். மறுநாளும் வாய் வைக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது தின்று பழகிய அதே தீனியை ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தீனியைப் பற்றிக் கொண்டுபோகிறவருக்குச் சொல்ல வேண்டியவை சில. வேகவைத்த மீனும் கோழியும் கொடுக்கலாம், அவை வெந்த தண்ணீரையும் சேர்த்து, ஏனென்றால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம் நல்லது, ஈரல் தினமும் கூடாது. கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், ஆகையால் குழம்பில் கிடந்த மீன் துண்டு வேண்டாம். குட்டிக்கு உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதி மாத்திரை குட்டியைக் கொன்றுவிடும்.

யாரிடம் கேட்பது? இந்தப் பக்கத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகின்றன. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் மூட்டைகள் அடுக்கிக்கிடக்கும். மூட்டை இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பூனைக்கு வேலை. ‘குடோன்ல எலி தொல்ல, ஒண்ணு குடுங்கக்கா’ என்று மில்காரர் கேட்பது இயல்பு. பாதிக் குட்டிகள் இப்படித்தான் போகின்றன. இந்த இடம் எனக்குச் சந்தேகமானது. முதல் காரணம், எலி இருக்கும் இடத்தில் எலி மருந்தும் இருக்கும். மருந்து தின்று மயங்கிய எலிதான் பூனைக்கு எளிதில் அகப்படுவது. இரண்டாவது, பட்டினி போட்டால்தான் நன்றாக எலி பிடிக்கும் என்ற எண்ணம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், பட்டினிப் பூனை ஊரைவிட்டுப் போகும். மூன்றாவது, பூனையின் திறமையே கொஞ்சம் ஊதிப்பெருக்கியது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சி ஆலையில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். பூனைகள் கொன்றது இரண்டே இரண்டு எலிகளை. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் பெரிய கடுவனே ஒதுங்கிப் போகும். மில்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், ‘அண்ணே, மருந்து வைப்பீங்களா?’ தயங்கினால் வேண்டாம்.

திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளையும் கழித்துவிடலாம். சென்னையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பால்கனிக்கு வலை உண்டா, பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் பூனையை யார் பார்ப்பார் என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பரில்தான் நீக்கினார்கள், வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், மைக்ரோசிப் என்ற நிபந்தனைகளோடு. தத்து கேட்டு வருபவரின் ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் அங்கே தன்னார்வலர்களிடம் உண்டு. நம் ஊரில் ஒருவர் வீட்டை வேவு பார்ப்பதாக அது தோன்றும். ஆனால் குட்டியைக் கொண்டுவிடுகிறேன் என்று நாமே போனால், காபி குடிக்கும் நேரத்தில் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். குட்டியை அவர்களைத் தூக்கிப்போகச் சொல்லாமல் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது, கொஞ்சம் காசு வாங்கு என்று சிலர் சொல்வார்கள். 2009-இல் அமெரிக்காவில் காசுக்கும் இலவசமாகவும் பூனை பெற்றவர்களை ஒப்பிட்டார்கள், பாசத்தில் வித்தியாசமில்லை. காசு வாங்காவிட்டால் ஹேமசந்திரரின் விலக்குக்கும் தப்பித்தோம்.

கறுப்புக் குட்டி கடைசியில்தான் போகும், சகுனம் பார்க்கிறவர்கள் தொட மாட்டார்கள். அதைவிடப் பெரிய தடை பெட்டை என்பது. ‘கடுவனா இருந்தா குடுங்க, பெட்டைன்னா குட்டி போட்டுக்கினே கெடக்கும்’ என்பதுதான் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த குட்டி அநேகமாக எப்போதும் பெட்டைதான். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இரண்டு எக்ஸ் உள்ள பெட்டைக்குத்தான் அந்த நிறமும் கறுப்பும் சேர்ந்து வரும். எந்த மரபணு என்பதை ஜப்பானியக் குழு ஒன்றும் அமெரிக்கக் குழு ஒன்றும் தனித்தனியே தேடி, 2024-இல்தான் அறிவித்தன. அப்படிப் பார்வைக்கு மிக அழகான குட்டி, நிறத்தாலேயே பெட்டை என்று தெரிந்து, திண்ணையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே திண்ணையில் அதன் குட்டிகள்.

ஆக, கணக்கு தாயில் போய் நிற்கிறது. பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வரும். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். நம் வெயில் நாட்டில் ஆண்டு முழுவதும் பருவம்தான். ஐந்து குட்டிக்கும் வீடு தேடிக் களைத்துத் திரும்புவதற்குள் தாய் மறுபடி வயிறு பெருத்து நிற்கும். எனவே குட்டிகளுக்கு வீடு தேடுவது இரண்டாவது வேலை. தாய்க்குக் கருத்தடை அறுவை செய்வது முதல் வேலை.

இதுதான் கிராமத்தில் கஷ்டம். அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று அமைந்தவை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ வண்டியும் கறவைமாட்டை நினைத்தே ஓடுகிறது. தெருநாய்க் கருத்தடைக்கு 2001-இலேயே மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. அதற்கெல்லாம் முன்பே, 1959-இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் 1964 முதல் நாய்க் கருத்தடையைச் செய்து காட்டியது. பூனை எப்போதும் வரிசையின் கடைசியில். தனியார் மருத்துவரிடம் போனால் சில ஆயிரம் ஆகும். புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் இன்னொன்று. ஒரு பூனைக்காக வண்டி எடுத்துப் புதுச்சேரி போக யாருக்கும் கட்டுப்படியாகாது. தெருவுக்கு இரண்டாக நாலைந்து பெட்டைகளைச் சேர்த்து, முன்கூட்டியே கேட்டு நாள் குறித்துக்கொண்டு ஒரே வேனில் போனால் கட்டுப்படியாகும். நாள் குறிக்க வேண்டியது குட்டிகள் கண் திறக்கும் வாரத்தில். அவை பால் மறக்கும் சமயத்தில் தாய் மேசைமேல் இருக்க வேண்டும், அதற்குப் பிந்தினால் சினையாகிவிடும். குட்டிகளுக்கு எட்டாம் வாரம் போடும் முதல் தடுப்பூசியையும் அந்தப் பயணத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒரு உயிரின் உறுப்பை அறுப்பது இம்சை இல்லையா என்று மேல்சித்தாமூரில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். சமணர் சொல்லும் நான்கு தானங்கள் உணவு, மருந்து, நூல், அபயம். மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் செய்யும் இந்த அறுவையை நான் மருந்து தானத்தில் சேர்ப்பேன். பிறக்காமல் போகும் குட்டிகளையும், அவற்றுக்கு இரையாகாமல் போகும் அணில்களையும் எண்ணினால் அபய தானத்திலும் சேர்ப்பேன். துறவிகள் வேறு மாதிரி சொல்லக்கூடும். விழா நாளில் அன்னதானத்துக்கு எழுதிக்கொடுக்கும் வெளியூர் நயினார்கள் பலர் உண்டு. அந்தச் சீட்டில் புதுச்சேரி போகும் வேனுக்கும் ஒரு வரி சேர்க்கலாமா என்று மடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.